படிக்கப்படாத ஆய்வேடுகள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம். மேடையில் சொன்ன கிளைச்செய்திகள் குறைக்கப்பட்டுள்ளன. வாதத்தில் மாற்றம் இல்லை.)



ஆய்வு நேர்மையைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் திருடக்கூடாது என்று அறிவுரை சொல்வார்கள். இல்லாவிட்டால் மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று திரையில் காட்டுவார்கள். அறிவுரை உங்களுக்குத் தேவையில்லை. மென்பொருளை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். நான் சொல்ல வந்தது ஒன்றே. நம் பல்கலைக்கழகங்களில் கருத்துத் திருட்டு நிலைத்திருப்பதற்கு முதற்காரணம், ஆய்வேட்டை யாரும் முழுமையாகப் படிக்கப்போவதில்லை என்ற நம்பிக்கை. எழுதுகிறவருக்கு அந்த நம்பிக்கை இருக்கிறது. நெறியாளருக்கும் இருக்கிறது. சில வேளை தேர்வாளருக்கே இருக்கிறது. ஆகவே திருட்டை அறிவதற்கும் தடுப்பதற்கும் அதைப் பற்றிப் புகார் சொல்வதற்கும் அடிப்படை வாசிப்புதான். இதை ஆறு குறிப்புகளாக விரிக்கிறேன்.

1. எது முறைகேடு, எது அல்ல

ஆய்வு முறைகேட்டை மூன்றாகப் பிரிப்பது இன்று உலக வழக்கு. இல்லாத தரவை உண்டாக்குவது, இருக்கும் தரவைத் திரிப்பது, பிறர் ஆக்கத்தைத் தன் ஆக்கமாகக் காட்டுவது. அமெரிக்க அரசு 2000ஆம் ஆண்டில் வகுத்த வரையறை இந்த மூன்றையும் சொல்லிவிட்டு, நேர்மையாகச் செய்த பிழையும் கருத்து வேறுபாடும் முறைகேடு ஆகா என்றும் சேர்த்தே சொல்கிறது. இந்தப் பின்பகுதியை நாம் மறந்துவிடுகிறோம். அடிக்குறிப்பில் பக்க எண் தவறிப்போனவரையும் நூலையே பெயர்த்து வைத்தவரையும் ஒரே சொல்லால் சுட்டுவது அநீதி.

நம் துறைகளில் இந்த மூன்றும் எடுக்கும் வடிவங்கள் தனி. சோழர் வரலாற்றை ஆய்கிற ஒருவர் நீலகண்ட சாஸ்திரியின் நூலைப் படிக்கிறார். அதன் அடிக்குறிப்பில் ஒரு கல்வெட்டுத் தொகுதியின் எண் இருக்கிறது. அந்தத் தொகுதியைக் கையில் எடுக்காமலே, எடுத்துப் பார்த்ததுபோல் எண்ணை மட்டும் தன் அடிக்குறிப்புக்கு மாற்றிக்கொள்கிறார். சொற்கள் அவருடையவை, தேடல் வேறொருவருடையது. ஆங்கில நூலொன்றின் ஓர் இயலைத் தமிழாக்கித் தன் இயலாக வைப்பது இன்னொரு வடிவம். ஊர் ஊராகப் போய்க் கேட்டு நிரப்ப வேண்டிய வினாநிரலை விடுதி அறையில் உட்கார்ந்து நிரப்புவது தரவை உண்டாக்குவது. ஆய்வில் எந்தப் பங்கும் இல்லாதவர் பெயரைக் கட்டுரையில் சேர்ப்பதும், பணம் கொடுத்து எழுதி வாங்குவதும் எல்லாருக்கும் தெரிந்தவை. அவற்றை விளக்க வேண்டியதில்லை.

எது திருட்டு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவன் முதலாம் இராசராசன் என்று எழுத மேற்கோள் வேண்டாம். அது பள்ளிப் பாடத்தில் இருப்பது. அக்கோயிலின் கல்வெட்டுகளை ஊர்வாரியாகப் பகுத்து, வருவாய் எந்தெந்த நாட்டுப் பிரிவிலிருந்து வந்தது என்று ஒருவர் கண்டு சொல்லியிருந்தால் அது அவருடைய உழைப்பு. அதை எடுத்துக்கொள்ளலாம், பெயர் சொல்லி எடுத்துக்கொள்ள வேண்டும்.

2. விழுக்காடு என்னும் மயக்கம்

பல்கலைக்கழக மானியக் குழு 2018ஆம் ஆண்டில் கருத்துத் திருட்டைத் தடுக்கும் விதிமுறைகளை வெளியிட்டது. ஆய்வேட்டில் ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் 6 மாதத்துக்கு மேற்படாத கெடுவுக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைத் தர முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே நீக்கப்படும். ஆசிரியர் வெளியிடும் கட்டுரைகளுக்கும் இதே படிநிலைதான்: கட்டுரையைத் திரும்பப் பெறுவதில் தொடங்கி, ஆண்டு ஊதிய உயர்வை இழப்பது, புதிய ஆய்வாளர்களுக்கு நெறியாளராக இருக்க 2 அல்லது 3 ஆண்டு தடை என்று உயர்கிறது.

விதி நல்லது. ஆனால் அது வந்தபின் நம் வளாகங்களின் பேச்சு மாறிவிட்டது. "எத்தனை பர்சன்ட் வந்தது?" என்று கேட்கிறோம். "எட்டுதான் சார்" என்று பதில் வருகிறது. அத்தோடு உரையாடல் முடிகிறது. அந்த எட்டு எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. முன்னுரையில் சிதறிக் கிடக்கும் எட்டுக்கும், ஆய்வின் முடிவுரை முழுவதும் பிறருடையதாக இருக்கும் எட்டுக்கும் வித்தியாசம் உண்டு. ஒப்புமை அறிக்கை காய்ச்சல் பார்க்கும் கருவியைப் போன்றது. சூடு ஏறினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று அது சொல்லும். ஏறாவிட்டால் நோயே இல்லை என்று அது சொல்வதில்லை.

தமிழ் ஆய்வேடுகளில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பக்கத்தைக் கணினி தமிழாகக் காண்பதில்லை. ரோமன் எழுத்துகளின் கலவையாகவே காண்கிறது. ஒளிவருடி ஏற்றிய பழைய ஏடுகள் அதற்கு வெறும் படங்கள். யூனிகோடில் இருந்தாலும், ஒருவர் சேர்த்து எழுதியதை இன்னொருவர் பிரித்து எழுதினால் தொடர்ச் சொற்களின் ஒப்புமை அறுந்துபோகும். மொழிபெயர்த்து எடுத்ததோ ஒரே மொழிக்குள் ஒப்பிடும் கருவியிடம் பெரும்பாலும் சிக்குவதில்லை. ஆகவே தமிழில் சுழியத்தை ஒட்டி வரும் விழுக்காடு நேர்மைக்குச் சான்றாகாது.

விழுக்காட்டைக் குறைக்கும் தொழிலும் வளர்ந்திருக்கிறது. சொல்லுக்குச் சொல் மாற்றிப்போடும் மென்பொருள்கள் உண்டு. கியோம் கபனாக், சிரில் லபே, அலெக்சாண்டர் மகசினோவ் ஆகிய மூவர் 2021இல் இதன் தடயங்களைத் தொகுத்தார்கள். மார்பகப் புற்றுநோய் என்ற தொடர் மார்பு அபாயம் என்று பொருள்படும் ஆங்கிலத் தொடராகவும், செயற்கை நுண்ணறிவு போலி உணர்வு என்று பொருள்படும் தொடராகவும் மாறி, அறிவியல் இதழ்களில் அச்சேறியிருந்தன. இதழாசிரியரோ மதிப்பீட்டாளரோ ஒரு பத்தியைப் படித்திருந்தாலும் இவை தப்பியிருக்க முடியாது.

3. பிடித்தவர்கள் வாசகர்கள்

உலகறிந்த சில வழக்குகளை அருகருகே வைத்துப் பாருங்கள்.

ஜெர்மனியின் பாதுகாப்பு அமைச்சராக இருந்த கார்ல் தியோடோர் சு குட்டன்பெர்க், பைராய்ட் பல்கலைக்கழகத்தில் மிக உயர்ந்த மதிப்பீட்டோடு சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். 2011 பிப்ரவரியில் பிரேமன் நகரச் சட்டப் பேராசிரியர் ஆண்ட்ரியாஸ் ஃபிஷர் லெஸ்கானோ அந்த ஆய்வேட்டின் நூல் வடிவத்துக்கு மதிப்புரை எழுத உட்கார்ந்தார். பிறர் எழுத்துகள் அதில் இருப்பதைக் கண்டார். பிறகு இணையத்தில் கூடிய தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாக ஒப்பிட்டு, 393 பக்கங்களில் 371 பக்கங்களில் எடுப்பு இருப்பதைக் காட்டினார்கள். முன்னுரையின் தொடக்கமே 1997ஆம் ஆண்டு நாளிதழ்க் கட்டுரை ஒன்றிலிருந்து வந்தது. பல்கலைக்கழகம் பட்டத்தைத் திரும்பப் பெற்றது; மார்ச் 1 அன்று அமைச்சர் பதவி விலகினார். அந்த ஏட்டின் தேர்வாளர்கள் முதல் பத்தியையாவது எங்கோ படித்ததுபோல் இருக்கிறதே என்று நின்றிருந்தால்?

பெல் ஆய்வகத்தின் இளம் இயற்பியலாளர் யான் ஹென்ட்ரிக் ஷோன் வழக்கில் திருடப்பட்ட சொற்கள் இல்லை, தரவே பொய். வெவ்வேறு சோதனைகளின் வரைபடங்களில் ஒரே இரைச்சல் கோடு திரும்பத் திரும்ப வந்தது. லிடியா சோன், பால் மெக்யூன் என்ற இரு இயற்பியலாளர்கள் கட்டுரைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது அது தெரிந்தது. 2002இல் விசாரணைக் குழு 24 குற்றச்சாட்டுகளில் 16ஐ முறைகேடு என்று உறுதி செய்தது. சொற்களை ஒப்பிடும் எந்த மென்பொருளும் இதைக் கண்டிருக்காது.

ஜெர்மனியின் கல்வி அமைச்சர் அனெட்டே ஷாவான் 1980இல் மனச்சான்றைப் பற்றி எழுதிய ஆய்வேட்டுக்கு 2013இல் பட்டம் பறிபோனது. அவரும் பதவி விலகினார். முப்பது ஆண்டுக்கு மேல் நூலகத்தில் இருந்த ஏடு, ஒருவர் கவனமாகப் படிக்கத் தொடங்கியதும் பேசியது.

ஆய்வேட்டை யாரும் எடுத்துப் படித்துப் பார்க்கலாம் என்ற நிலை நம் நாட்டிலும் இன்று வந்துவிட்டது. மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிக்குப் பின், ஆய்வேடுகளின் மின்படிகள் காந்திநகரின் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் ஷோத்கங்கா தளத்தில் சேர்கின்றன. முன்பு ஆய்வேடு பல்கலைக்கழக நூலகத்தின் பூட்டிய அலமாரிக்குள் போய்விடும். இப்போது எந்த ஊர் மாணவரும் அதைத் திறந்து படிக்கலாம். பட்டம் வழங்கிய பின் திருட்டு மெய்ப்பிக்கப்பட்டால் பட்டத்தை நிறுத்தி வைக்கவும் 2018 விதிமுறையில் இடம் இருக்கிறது.

4. நம் மரபு கேட்ட கேள்வி

மேற்கோள் காட்டுவது மேல்நாட்டுப் பழக்கம், நம் மரபில் எல்லாம் பொதுச்சொத்து என்று ஒரு வாதம் அவ்வப்போது எழுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டு நன்னூல் இதற்கு விடை சொல்லும். சிறப்புப் பாயிரத்தில் இருக்க வேண்டிய எட்டுச் செய்திகளில் முதலாவது ஆக்கியோன் பெயர். இரண்டாவது வழி, அதாவது எந்த நூலின் வழியாக இந்நூல் வந்தது என்ற செய்தி. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்ற பாகுபாடே ஒரு நூல் முன்னோருக்கு எவ்வளவு கடன்பட்டது என்பதைக் கொண்டு அமைந்தது. தொல்காப்பிய மரபியலோ வழிநூலை நான்காகப் பிரித்து, மொழிபெயர்ப்பையும் அதில் ஒன்றாக வைக்கிறது. ஆங்கில இயலைத் தமிழாக்கி முதல்நூல் போல் வைப்பவரைத் தொல்காப்பியம் படித்த மாணவர் எளிதில் அடையாளம் காணலாம்.

மரபைப் புகழ்ந்துவிட்டு நின்றுவிட மாட்டேன். உரையாசிரியர்கள் முன்னோர் கருத்தைப் பலவிடத்தும் பெயர் சொல்லாமலே எடுத்தும் மறுத்தும் எழுதினார்கள். யாரைச் சொல்கிறார்கள் என்பது கேட்போருக்குத் தெரிந்திருந்தது. பாடம் கேட்ட கூட்டம் சிறியது, மூலம் மனப்பாடமாக இருந்தது. இன்றைய வாசகர் அந்தக் கூட்டத்தில் இல்லை. ஆகவே இன்று பெயரும் பக்கமும் வேண்டும். அச்சுக் காலத்துக்கு வந்தபோது உ.வே.சாமிநாதையர் தம் பதிப்புகளின் முகவுரைகளில் எந்த ஏட்டுச் சுவடி யாரிடமிருந்து வந்தது என்று பட்டியலிட்டார். அதை நன்றியுரை என்று மட்டும் கொள்ளக்கூடாது. நான் கொண்ட பாடத்தை நீங்கள் போய்ச் சரிபார்க்கலாம் என்ற அழைப்பு அதில் இருக்கிறது. அடிக்குறிப்பின் வேலையும் அதுதான். திருடுகிறவர் மூல ஆசிரியருக்குச் செய்யும் தீங்கைவிட வாசகருக்குச் செய்யும் தீங்கு பெரிது. சரிபார்க்கும் வழியை அவர் அடைத்துவிடுகிறார்.

5. தடுப்பது எப்படி

தடுப்பு என்றவுடன் நாம் கடைசி வாரத்தை நினைக்கிறோம். ஏடு முடிந்து, டி.டி.பி. கடையிலிருந்து வந்தபின் ஒப்புமை அறிக்கை எடுக்கிறோம். அப்போது செய்யக்கூடியது சொற்களை மாற்றுவது மட்டுமே. தடுப்பு முதல் ஆண்டிலேயே தொடங்க வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு பழக்கம் சொல்கிறேன். குறிப்பெடுக்கும்போதே மூன்றையும் பிரித்துவிடுங்கள்: நூலின் சொற்களை அப்படியே எடுத்தது, நூலின் கருத்தை உங்கள் சொற்களில் எழுதியது, உங்களுக்கே தோன்றியது. ஒவ்வொன்றின் எதிரிலும் நூலும் பக்கமும் இருக்கட்டும். ஈராண்டு கழித்து அந்தக் குறிப்பேட்டைத் திறக்கும்போது எது யாருடையது என்று உங்களுக்கே தெரியாது. தெரியாமல் நேரும் திருட்டில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது. இன்னொன்று: மூலநூலை மூடி வைத்துவிட்டு எழுதுங்கள். திறந்து வைத்துக்கொண்டு எழுதினால் சொல்தான் மாறும், வாக்கியத்தின் எலும்பு மாறாது.

நெறியாளர்களுக்கு: பேராசிரியர் 8 பேருக்கும் இணைப் பேராசிரியர் 6 பேருக்கும் உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மேல் முனைவர் பட்ட ஆய்வாளர்களை வைத்துக்கொள்ளக் கூடாது என்று மானியக் குழு வரையறுத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அதற்கு மேல் படிக்க முடியாது. இயல் ஒவ்வொன்றும் முடிந்ததும் மாணவரை உட்காரவைத்து, அதில் வரும் மூன்று அடிக்குறிப்புகளின் மூலநூலைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது, ஏன் அதை எடுத்தீர்கள் என்று கேளுங்கள். படித்தவர் தடங்கலின்றிச் சொல்வார்.

செயற்கை நுண்ணறிவுக்கும் இதே மருந்துதான். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. அதன் எழுத்தைக் கண்டறிய ஓப்பன்ஏஐ நிறுவனமே வெளியிட்ட கருவியைத் துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் அந்நிறுவனமே திரும்பப் பெற்றது. ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அதே ஆண்டு சோதித்தபோது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவர்கள் தாமே எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றை இத்தகைய கருவிகள் இயந்திரம் எழுதியவை என்றன. இந்தக் கருவி சொன்னதை மட்டும் வைத்து ஒரு மாணவரைக் குற்றவாளியாக்குவதும் ஆய்வு முறைகேட்டுக்குக் குறைந்ததல்ல. ஏட்டை மேசையில் வைத்துவிட்டு அரைமணி நேரம் பேசினால் எழுதியவர் யார் என்று தெரிந்துவிடும். நம் வாய்மொழித் தேர்வு அதற்காக ஏற்பட்டது. இன்று பல இடங்களில் அது பாராட்டும் பொன்னாடையுமாகச் சுருங்கிவிட்டது.

நிர்வாகத்தின் பங்கையும் சொல்ல வேண்டும். ஆசிரியர் பதவி உயர்வுக்கு 2010இல் புள்ளிக் கணக்கு வந்தது. ஆய்வேடு அளிக்குமுன் இதழில் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற கட்டாயமும் இருந்தது. பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்கள் இவற்றின் நிழலில் செழித்தன. வெளியீட்டுக் கட்டாயத்தை மானியக் குழு 2022இல் நீக்கியது சரியான திருத்தம். எண்ணிக்கை கேட்கும் நிறுவனத்துக்கு எண்ணிக்கை கிடைக்கும்; படிக்கத்தக்க கட்டுரை கிடைக்காது.

6. புகார் செய்வது எப்படி

திருட்டைக் கண்டவர் பேசாமல் இருப்பதற்குப் பெரும்பாலும் அச்சமே காரணம். அந்த அச்சம் ஆதாரமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். குமாவுன் பல்கலைக்கழகத்தில் 2002இல் துணைவேந்தர் பெயர் தாங்கிய இயற்பியல் கட்டுரை, ஸ்டான்ஃபோர்டின் ரெனாட்டா கலோஷ் எழுதிய கட்டுரையிலிருந்து எடுக்கப்பட்டது என்று தெரிந்தது. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர்கள் அப்போதைய குடியரசுத் தலைவர் அப்துல் கலாமுக்கு எழுதினார்கள். விசாரணைக்குப் பின் துணைவேந்தர் பதவி விலகினார். ஆனால் அதற்குள், அங்கேயே துறைக்குள் குரல் எழுப்பியவர் நடவடிக்கைக்கு ஆளாகியிருந்தார்.

நெதர்லாந்தின் டில்பர்க் பல்கலைக்கழகத்தில் 2011இல் வேறு விதமாக நடந்தது. புகழ்பெற்ற உளவியலாளர் டீடரிக் ஸ்டாபெல் தரவுகளைத் தாமே புனைகிறார் என்று மூன்று இளம் ஆய்வாளர்களுக்கு ஐயம் வந்தது. அவர்கள் சான்றுகளைச் சேர்த்தார்கள். போதுமானது சேர்ந்தபின் துறைத்தலைவரிடம் சொன்னார்கள். துறைத்தலைவர் கேட்டார், மேலே கொண்டு சென்றார். ஸ்டாபெல் பணிநீக்கம் செய்யப்பட்டார்; 50க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. இளையவர்கள் துணிந்தார்கள் என்பதோடு, மேலே இருந்தவர் காதுகொடுத்துக் கேட்டார் என்பதும் இங்கே முக்கியம்.

நம் விதிமுறையில் வழி இருக்கிறது. ஒவ்வொரு துறையிலும் ஒரு நேர்மைக் குழு, அதற்கு மேல் நிறுவன அளவில் ஒரு குழு. தக்க சான்றோடு துறைக் குழுவிடம் புகார் தரலாம். அது 45 நாளுக்குள் பரிந்துரையை அனுப்ப வேண்டும். நிறுவனக் குழு அடுத்த 45 நாளுக்குள் தன் அறிக்கையை நிறுவனத் தலைவருக்கு அனுப்ப வேண்டும். துறைக் குழுவுக்குத் தலைவர் துறைத்தலைவரே என்பதால், அவர்மீதே புகார் என்றால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். குழு உறுப்பினர்மீது புகார் வந்தால் அவர் அந்தக் கூட்டத்திலிருந்து விலகியிருக்க வேண்டும். துறைத்தலைவர்மீது வரும் புகார் நிறுவனக் குழுவின் பரிந்துரைக்குப் போக வேண்டும். இந்த இரண்டும் விதியில் எழுதப்பட்டவை. நேரம் வரும்போது எடுத்துக் காட்டுங்கள்.

புகாரை எழுதும் முறை எளியது. தாளை இரண்டாகப் பிரியுங்கள். ஒருபக்கம் ஐயத்துக்குரிய ஏட்டின் வரிகள், பக்க எண்ணோடு. மறுபக்கம் மூலத்தின் வரிகள், ஆண்டும் பக்கமும் சேர்த்து. மொழிபெயர்ப்பு என்றால் மூலமொழி வரிகளையே வையுங்கள். இரு நூல்களின் தலைப்புப் பக்கப் படிகளையும் இணையுங்கள். அவ்வளவு போதும். ஏமாற்றுக்காரர், மோசடிப்பேர்வழி என்ற சொற்கள் ஒன்றும் வேண்டாம். நோக்கத்தை ஊகிக்கவும் வேண்டாம். அது குழுவின் வேலை. எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். விசாரணை முடியும்வரை வாட்ஸ்அப் குழுக்களில் பரப்பாதீர்கள். எதிர்த்தரப்பு விளக்கம் தர இடமளிக்க வேண்டும். இயற்கை நீதியை விதியும் கேட்கிறது, மனச்சான்றும் கேட்கிறது. சில நேரம் மூலத்தை எழுதியவரும் பெயர் சொல்லாமல் எடுத்திருப்பார், இருவருக்கும் பொதுவான மூன்றாவது மூலம் இருக்கும். அதைக் கண்டுபிடிக்கவும் படிக்கத்தான் வேண்டும்.

நண்பர்களே, என் வாதத்தைச் செயலாக்க இரண்டு கோரிக்கைகள் வைக்கிறேன். முதலாவது, தேர்வாளர் அறிக்கையில் ஒரு பத்தி கட்டாயமாகட்டும்: எந்தெந்த அடிக்குறிப்புகளை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன் என்று தேர்வாளர் பக்க எண்ணோடு எழுத வேண்டும். மென்பொருள் அறிக்கை அதற்குப் பின்னிணைப்பாக இருக்கட்டும். இரண்டாவது, இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாருக்கு. ஆண்டுதோறும் சிறந்த ஆய்வேட்டுக்குப் பரிசு தரும் எண்ணம் உங்களுக்கு இருப்பதாக அறிகிறேன். அந்தப் பரிசை ஓர் ஆய்வேட்டை வரிவரியாகப் படித்து, அதன் மூலங்களைத் தேடிப் பார்த்து, நிறைகுறை சொல்லி மதிப்புரை எழுதும் மாணவருக்குக் கொடுங்கள். படிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தால் எழுதுகிறவர்கள் கவனமாக எழுதுவார்கள்.